காரியம் முடியுமுன்னே ஸ்தோத்திரம்

வேதபாடம்: கவலையை ஜெயிக்கும் ஜெபம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: பிலிப்பியர் 4:4-7, அப்போஸ்தலர் 16:22-34, 27:33-37
மனப்பாட வசனம்: பிலிப்பியர் 4:6,7



இந்தப் பாடத்தை வேதாகமத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறேன். வசனங்களை இங்கே எழுதாமல் அதிகாரத்தை மட்டும் கொடுத்திருக்கிறேன். நீங்களே திறந்து பார்த்து, பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளவேண்டும் என்பதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வருகிறது. ஒரு சகோதரர் எழும்புகிறார். "பையனுக்கு வேலை கெடச்சிருச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்கிறார். சபை அல்லேலூயா சொல்கிறது. ஒரு சகோதரி எழும்புகிறாள். "ஆபரேஷன் இல்லாமலே சுகமாயிருச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்கிறாள். மறுபடியும் அல்லேலூயா. நல்லது. தேவன் செய்த நன்மையை மறைக்கக்கூடாது. ஆனால் அதே பெஞ்சில், அதே பாயில் இன்னொருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவள் ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அவர்கள் எப்போது எழும்புவது? "இன்னும் ஒண்ணும் நடக்கல பாஸ்டர், ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொன்ன ஒருவரை நம்முடைய சபையில் கடைசியாக எப்போது கேட்டோம்?

பிரியமானவர்களே, இந்தப் பாடத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஸ்தோத்திரம் என்பது காரியம் முடிந்தபின் கட்டுகிற பாக்கி அல்ல. விண்ணப்பத்தோடுகூட, விண்ணப்பம் செய்யும்போதே, கொண்டுபோக வேண்டிய ஒன்று. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதால்தான் நம்மில் அநேகர் மணிக்கணக்காய் ஜெபித்தும் கவலையோடே முழங்காலிலிருந்து எழும்புகிறோம்.

1. கவலை என்பது என்ன?

பவுல் இந்த இடத்தில் எழுதிய கிரேக்கச் சொல்லை, மனம் இரண்டாய்ப் பிரிந்து கிடப்பதோடு சேர்த்து விளக்குகிற வேதபண்டிதர்கள் உண்டு. நம்முடைய அனுபவமும் அதுதானே? கை பாத்திரம் தேய்க்கிறது, மனம் வட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்கிறது. உடம்பு பாயில் படுத்திருக்கிறது, மனம் பிள்ளையின் கல்யாணத்தைச் சுற்றுகிறது. நாளைய தினம் இன்னும் வரவேயில்லை, ஆனால் அதன் பாரத்தை இன்றைக்கே தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கிறோம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் பின்பகுதியில் ஆண்டவர் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டிப் பேசினது இதைக் குறித்துத்தான்.

இங்கே ஒரு காரியத்தைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். பொறுப்பு வேறு, கவலை வேறு. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டும் என்று மாதாமாதம் எடுத்து வைப்பது பொறுப்பு. கட்ட முடியாமல் போய்விட்டால் என்ன ஆகும், அவன் படிப்பு என்ன ஆகும், ஊர் என்ன பேசும் என்று இராத்திரி இரண்டு மணிக்குப் புரண்டு புரண்டு படுப்பது கவலை. பொறுப்பு கையைக் காலை வேலை செய்ய வைக்கும். கவலை கையைக் காலைக் கட்டிப்போடும்.

இன்னொன்று. கவலைப்படுகிற விசுவாசியைப் பார்த்து, "உனக்கு விசுவாசமே இல்ல" என்று சொல்லிவிடாதிருங்கள். கவலைப்படவேண்டாம் என்று எழுதின அதே பவுல், 2 கொரிந்தியர் 11:28-ல் எல்லாச் சபைகளையும் குறித்த பாரம் நாள்தோறும் தன்னை நெருக்கினதாக ஒப்புக்கொள்கிறார். பிலிப்பியர் 2:25-28 வாசித்துப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போய்த் திரும்பி வந்தான். அவன் போயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். அவர் கல்லாய்ப்போன மனுஷர் அல்ல. கவலை அவர் வாசலுக்கும் வந்தது. வந்த கவலையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

2. எழுதினது எங்கேயிருந்து? வாசித்தது யார்?

பிலிப்பியருக்கு எழுதின நிருபம் மெத்தையில் சாய்ந்துகொண்டு எழுதினது அல்ல. முதலாம் அதிகாரத்திலேயே பவுல் தன் கட்டுகளைக் குறித்துச் சொல்லுகிறார். வழக்கின் தீர்ப்பு ஜீவனாகவும் இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம் என்கிற நிலைமை. அந்த இடத்திலிருந்துதான் நான்காம் அதிகாரத்தின் வார்த்தைகள் வந்தன.

வாங்கினவர்களையும் பாருங்கள். அப்போஸ்தலர் 16-ல் பவுலும் சீலாவும் இந்தப் பிலிப்பி பட்டணத்தில்தான் வஸ்திரம் கிழிக்கப்பட்டு, அடிபட்டு, உட்காவலறையில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டுக் கிடந்தார்கள். நடுராத்திரியில் ஜெபித்துத் துதித்துப் பாடினார்கள். கவனியுங்கள், பூமியதிர்ச்சி பாட்டுக்குப் பின்புதான் வந்தது. பாடும்போது கதவு பூட்டியிருந்தது, முதுகு எரிந்துகொண்டிருந்தது, விடிந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. அன்று இராத்திரி குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்ற சிறைச்சாலைக்காரன், பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் இந்த நிருபம் சபையில் வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். "இந்த மனுஷன் சும்மா எழுதல. என் ஜெயில்லயே செஞ்சு காட்டினவர்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லியிருக்கலாம்.

3. வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள்

இப்போது பிலிப்பியர் 4:6-ஐத் திறந்து, அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் பாருங்கள். ஜெபம் இருக்கிறது. வேண்டுதல் இருக்கிறது. ஸ்தோத்திரம் இருக்கிறது. அதற்குப் பின்புதான் நம்முடைய விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துவது வருகிறது. அடுத்த வசனத்தில் சமாதானம் வருகிறது. காரியம் நடந்தது என்று அந்த இரண்டு வசனங்களிலும் எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? இல்லை. கேட்டது கிடைத்தபின் சமாதானம் என்று பவுல் எழுதவில்லை. ஸ்தோத்திரத்தோடு கேட்டவனுக்குச் சமாதானம் என்று எழுதினார்.

ஏன் ஸ்தோத்திரம் முந்தவேண்டும்? ஒரு உதாரணம் சொல்லுகிறேன். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். மனுவைக் கையில் சுருட்டிப் பிடித்திருப்பவருக்கு உள்ளே இருக்கிற அதிகாரி யாரென்று தெரியாது. வாங்குவாரா, வாசிப்பாரா, வீசுவாரா, ஒன்றும் தெரியாது. அதனால் நிற்கும்போதே நடுக்கம். சாயங்காலம் வீட்டில் ஒரு பிள்ளை அப்பாவிடம் வருகிறது. "அப்பா, போன மாசம் நோட்டு வாங்கித் தந்தீங்கள்ல, இந்த மாசம் ஜியாமெட்ரி பாக்ஸ் வேணும்பா" என்று கேட்கிறது. அந்தப் பிள்ளை தன்னையறியாமலே பழைய நன்மையைச் சொல்லித்தான் புதிய விண்ணப்பத்தை வைக்கிறது. அதற்கு நடுக்கம் இல்லை. ஏனென்றால் யாரிடம் கேட்கிறோம் என்று அதற்குத் தெரியும்.

ஸ்தோத்திரம் செய்கிற வேலை இதுதான். தேவனுக்கு ஞாபகப்படுத்துவதற்கு அல்ல, அவர் மறக்கிறவர் அல்ல. யாரிடத்தில் கேட்கிறோம் என்று நமக்கு ஞாபகப்படுத்துகிறது. ஸ்தோத்திரம் இல்லாத விண்ணப்பம், கலெக்டர் ஆபீஸ் வரிசை. ஸ்தோத்திரத்தோடு வைக்கிற விண்ணப்பம், தகப்பன் மடி.

வேதம் முழுவதிலும் இந்த வரிசை இருக்கிறது. தானியேல் 6:10-ல் சிங்கக்கெபி உத்தரவுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று என்று தெரிந்தபின்பே தானியேல் வீட்டுக்குப் போய், முன் செய்துவந்தபடியே மூன்று வேளையும் ஸ்தோத்திரம் செலுத்தினார். 2 நாளாகமம் 20-ல் யோசபாத் பாடகரைச் சேனைக்கு முன்னே நிறுத்தினான். யோவான் 6:11-ல் ஐந்தே அப்பம் இருக்கும்போது, போதாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது, ஆண்டவர் ஸ்தோத்திரம் பண்ணினார். யோவான் 11:41-ல் லாசரு வெளியே வருமுன்னே பிதாவுக்கு நன்றி சொன்னார். அப்போஸ்தலர் 27-ல் பதினாலு நாள் புயலில் அலைந்த கப்பலில், 276 பேருக்கு முன்பாக, கரை இன்னும் காணாத வேளையில், பவுல் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் புசித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியங்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரே மனுஷனுடைய ஸ்தோத்திரம் ஒரு கப்பலுக்கே சாப்பாட்டை உள்ளே இறக்கிற்று!

நம்முடைய பாட்டிமார் இதைப் படிக்காமலே செய்தார்கள். நம்முடைய பசுமலைக்கு வேதம் வந்து வெகுகாலம் ஆகிறது. 1842-ல் திருமங்கலத்தில் தொடங்கின அமெரிக்கன் மிஷன் வேதசாஸ்திரப் பள்ளி 1845-ல் இந்த மலையடிவாரத்துக்கு வந்தது. அந்தக் காலத்து மதுரைச் சீமையில் வாழ்க்கை லேசானதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டின பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வந்தார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டுபோனார்கள். அப்படிப்பட்ட பஞ்சங்களின் நினைவு நெஞ்சில் இருந்தும், நம் கிராமத்துத் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் எடுத்து வைக்கிறதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டு மீந்ததில் எடுத்தது அல்ல. அளக்கும்போதே, பானையில் அரிசி குறைவாய் இருக்கும்போதே, முதலில் எடுத்தது. காரியம் முடியுமுன்னே ஸ்தோத்திரம் என்பது அந்தக் கைப்பிடி அரிசிதான்.

4. நான் கற்றுக்கொண்ட விதம்

என்னைக் குறித்து எழுதத் தயக்கமாய் இருக்கிறது. ஆனாலும் சபைக்குப் பிரயோஜனம் என்று என் மனைவி சொன்னதால் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டரிடம் போனோம். சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்த நான், அந்தப் பத்து நாளில் முதல் இரண்டு நாள் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. ஜெபித்தேன். அதிகமாகவே ஜெபித்தேன். உபவாசமும் இருந்தேன். இராத்திரி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டு, கட்டியைக் குறித்தும், அது கான்சராய் இருந்தால் என்னென்ன நடக்கும் என்பதைக் குறித்தும், பிள்ளைகள் தாயில்லாமல் எப்படி இருப்பார்கள் என்பதைக் குறித்தும், கண்ணீரோடு ஒன்றுவிடாமல் கர்த்தரிடத்தில் சொன்னேன்.

இரண்டாம் இராத்திரி அவள் என் கையைப் பிடித்தாள். "ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஜெபிச்சா எனக்குப் பயம் கூடுது. ஆண்டவர்கிட்ட கேக்குறீங்களா, இல்ல எனக்கு என்னென்ன ஆகும்னு லிஸ்ட் படிக்கிறீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். நான் ஜெபம் என்று நினைத்துச் செய்தது, கவலையைச் சத்தமாய்ச் சொல்லி கடைசியில் ஆமென் போட்டதுதான்.

"இப்ப நான் ஜெபிக்கிறேன். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க" என்று அவள் ஆரம்பித்தாள். "அப்பா, இருபத்திநாலு வருஷம் எங்களச் சேந்து வாழவெச்சீரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்தக் கட்டிய என் கைக்குத் தட்டுப்பட வெச்சீரே, தெரியாமலே விட்டுடாம காட்டினீரே, ஸ்தோத்திரம். டவுன்பஸ்ல எந்திரிச்சு எடம் குடுத்த அந்தப் பிள்ளைக்காக ஸ்தோத்திரம். ஊசி போட்டப்ப என் கையப் பிடிச்சிக்கிட்ட அந்த நர்சம்மாவுக்காக ஸ்தோத்திரம். எனக்குப் பயமா இருக்குப்பா. எனக்குச் சுகம் வேணும். பிள்ளைங்க கல்யாணத்தப் பாக்கணும். உம்ம கையில குடுத்துட்டேன். ஆமென்."

அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பயமாய் இருக்கிறது என்பதை அவள் மறைக்கவில்லை. சுகம் வேண்டும் என்று கேட்கவும் கூச்சப்படவில்லை. ஆனால் கேட்குமுன் நாலு நன்மையைப் பெயர் சொல்லி எண்ணினாள். ஜெபம் முடிந்ததும் தூங்கிவிட்டாள். நான் இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருந்தேன். திருமங்கலம் பக்கமாய் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாய்ப் போகிற சத்தம் கேட்டது. என் மனதிலே அலை அடங்கியிருந்தது. பிலிப்பியர் 4:7-ல் புத்திக்கு மேலான சமாதானம் என்று சொல்லியிருப்பது இதுதானா என்று நினைத்தேன். ஏனென்றால் என் புத்திக்கு எட்டினவரைக்கும் சமாதானமாய் இருக்க ஒரு காரணமும் இல்லை. ரிப்போர்ட் வர இன்னும் எட்டு நாள் இருந்தது.

ரிப்போர்ட் நாங்கள் கேட்டபடி வரவில்லை. ஆபரேஷன் செய்யவேண்டியிருந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டிற்று. கடன் வாங்கினோம், அடைத்தோம். இன்று கர்த்தருடைய கிருபையால் சுகமாய் இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போகிறோம். போகிறதற்கு முந்தின இராத்திரி எனக்கு இன்றைக்கும் கவலை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்கிறேன். இது ஒருமுறை போட்டால் போதும் என்கிற தடுப்பூசி அல்ல, தினந்தோறும் எடுக்கவேண்டிய மன்னா.

5. சுகம் வராவிட்டால்?

சிலர் மனதில் ஒரு கேள்வி எழும்பும். "உங்க வீட்ல சுகமாச்சு பாஸ்டர், சொல்றீங்க. எங்க வீட்ல ஆகலையே?" நியாயமான கேள்வி. இதற்கு நம் தென்தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் உண்டு.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்ற ஊரை அநேகர் அறிவீர்கள். அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். 1901 முதல், கோயில்களுக்கென்று விடப்பட இருந்த பெண்குழந்தைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். பணத்துக்காக மனுஷரிடம் கை நீட்டாமல், தேவனிடத்தில் மட்டும் கேட்பது அந்த ஊழியத்தின் வழக்கமாயிருந்தது.

1931 அக்டோபர் 24. அன்று காலை, தன் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யத் தன்னைத் தகுதியாக்க எது தேவையோ அதைச் செய்யும்படி அவர் ஜெபித்தார். அன்று சாயங்காலமே களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. சுகத்துக்காக எவ்வளவோ ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. ஆனால் முழுச் சுகம் வரவில்லை. 1951 ஜனவரி 18-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே கட்டிலில்.

அந்தக் கட்டிலிலிருந்து அவர் கடிதம் எழுதினார், பாட்டு எழுதினார், புத்தகம் எழுதினார். 1933-ல் வெளியான 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகம் வியாதிஸ்தருக்கென்றே எழுதப்பட்டது. வியாதிஸ்தருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுகமாய் இருக்கிறவர்கள், நானோ படுத்துக்கொண்டே படுத்திருப்பவர்களுக்கு எழுதுகிறேன் என்பதே அதன் பின்னணி. வலி போயிற்று என்று அவர் பொய்ச்சாட்சி சொல்லவில்லை. வலி இருந்தது. சமாதானமும் இருந்தது. அவருடைய கல்லறையின்மேல் பெயர்க்கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு கல்தொட்டியை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பிள்ளைகள் அதில் பொறித்தார்கள்.

சுகம் தருகிற தேவனை நாம் விசுவாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம், கை வைத்து ஜெபிக்கிறோம். அதில் மாற்றமில்லை. ஆனால் சமாதானம் சுகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறதல்ல. அது தேவனுடைய கையிலிருந்து நேராய் வருகிறது. சுகத்துக்கு முன்னும் வரும், சுகம் தாமதித்தாலும் வரும்.

6. மூன்று எச்சரிப்புகள்

முதலாவது, ஸ்தோத்திரம் லஞ்சம் அல்ல. "ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னா காரியம் நடந்துரும்" என்று எண்ணி, மணியை நகர்த்துகிறதுபோல வாயை ஓட்டாதிருங்கள். ஆயிரம் ஸ்தோத்திரபலி செலுத்துவது நல்ல வழக்கம்தான். ஆனால் மனம் வேறெங்கோ ஓட வாய் சொல்லும் ஆயிரத்தைவிட, இன்றைக்கு நடந்த நன்மையைப் பெயர் சொல்லி மனதார எண்ணும் பத்து மேல்.

இரண்டாவது, ஸ்தோத்திரம் பொய் அல்ல. 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐக் கவனமாய் வாசியுங்கள். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லியிருக்கிறது. தீமையை நன்மையென்று சொல்லச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களுக்கு ஏசாயா 5:20-ல் ஐயோ என்றிருக்கிறது. குடித்துவிட்டு வந்து புருஷன் அடிக்கிற சகோதரி, அடிக்காக ஸ்தோத்திரம் சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டிலும் தன்னைக் கைவிடாத தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம். சொல்லிவிட்டு, எங்களிடத்திலும் வந்து சொல்லவேண்டும். தேவையானால் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஸ்தோத்திரம் செய்யவேண்டிய கடமைக்குப் பதில் அல்ல. கந்துவட்டிக்காரன் நெருக்கினால், ஜெபித்துவிட்டு மூப்பர்களோடு உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். கட்டி தெரிந்தால், ஜெபித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். வாரக்கணக்காய்த் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, செத்துப்போகலாமா என்ற எண்ணம் வருகிறது என்றால், அது மனதைத் தாக்கின வியாதியாய் இருக்கலாம். காலுக்குக் கட்டுப்போட வெட்கப்படாதவர்கள் இதற்கும் வெட்கப்பட வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ல் சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவை தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தேவதூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். அதற்குப் பின்புதான் பேசினார். 2022 முதல் மத்திய அரசின் டெலி மனாஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416 இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. இன்று இரவே ஆரம்பியுங்கள்

தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாய்த்தானே இருக்கிறது? அதை எடுங்கள்.

அ) உங்களை வாட்டுகிற கவலையை ஒரே வரியில் எழுதுங்கள். "எல்லாமே கஷ்டம்" என்று எழுதாதிருங்கள். "பத்தாம் தேதிக்குள் வாடகை நாலாயிரம்" என்று எழுதுங்கள். பெயரில்லாத கவலைதான் பூதமாய்ப் பெரிதாகும்.

ஆ) அதன் கீழே, அதே காரியத்துக்குள் தேவன் செய்திருக்கிற மூன்று நன்மைகளைத் தேடி எழுதுங்கள். வாடகைக் கவலையா? இத்தனை வருஷம் தெருவில் நிற்கவிடாமல் காத்தாரே. ஒரு வாரம் பொறுத்த வீட்டுக்காரரைக் கொடுத்தாரே. உழைக்கப் பெலன் கொடுத்தாரே. ஒன்றும் கிடைக்கவில்லையா? ரோமர் 8:32-க்குப் போங்கள். தம்முடைய குமாரனையே நமக்காகக் கொடுத்தவர் என்ற ஒன்று எந்தத் தாளிலும் எழுத மீதி இருக்கிறது.

இ) முதலில் அந்த மூன்றையும் சத்தமாய்ச் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். பிறகு வெட்கப்படாமல், தேவையைத் தெளிவாய்க் கேளுங்கள்.

ஈ) நாளைக்கு நீங்கள் செய்யவேண்டிய ஒரு வேலையைக் கடைசி வரியில் எழுதுங்கள். ஒரு ஃபோன், ஒரு மனு, ஒரு டாக்டர், ஒரு மன்னிப்பு. அது உங்கள் பங்கு. மற்றது அவர் பங்கு.

உ) தாளை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டுப் படுங்கள். நடுராத்திரி கவலை மறுபடி எழுப்பினால், "ஒன்னை எழுதி அவர் கையில குடுத்தாச்சு" என்று சொல்லி, அந்த மூன்று ஸ்தோத்திரங்களை மறுபடியும் சொல்லுங்கள்.

பிலிப்பியர் 4:7-ல் காக்கும் என்று வருகிற சொல், போர்ச்சேவகர் ஒரு கோட்டையைக் காவல் காக்கிறதற்குச் சொல்லும் சொல். பிலிப்பி ரோமப் போர்வீரர் குடியேறின பட்டணமானபடியால் அது அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். நமக்கு விளங்கும்படி சொன்னால், இராத்திரி விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றி வருகிற காவல்காரர் மாதிரி. அவர் வந்ததால் உலகத்திலுள்ள திருடரெல்லாம் ஒழிந்துபோகவில்லை. ஆனால் அந்த விசில் சத்தம் கேட்டால் வீட்டிலிருக்கிறவர்கள் புரண்டு படுத்துத் தூங்குகிறார்கள். தேவசமாதானம் உங்கள் இருதயத்துக்கும் சிந்தைக்கும் அப்படி இராக்காவல் நிற்கட்டும்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ஒரு புதிய காரியம் செய்வோமா? காரியம் முடிந்தவர்கள் சொல்லட்டும். அவர்களுக்குப் பின், காரியம் முடியாதவர்களும் எழும்புங்கள். "இன்னும் நடக்கல, ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று சொல்லுங்கள். அதற்கு இந்தச் சபை மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாய் அல்லேலூயா சொல்லட்டும்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. கடந்த வாரம் நம் ஜெபங்களில் கேட்டது எவ்வளவு, ஸ்தோத்திரித்தது எவ்வளவு?
2. நம் வீட்டில் பொறுப்பு எது, கவலை எது? பிரித்துச் சொல்லுங்கள்.
3. யோவான் 6:11-ல் அப்பம் பெருகுமுன் ஸ்தோத்திரம் வந்தது. நம் வீட்டில் போதாமல் இருக்கிற 'ஐந்து அப்பம்' எது?
4. நம் தெருவில் தூக்கமில்லாமல் இருக்கிற ஒருவர் யார்? அவர் வீட்டுக்கு யார் போய் உட்காரப் போகிறோம்?

ஜெபம்: அன்பின் பரமபிதாவே, நேற்றுவரை நடத்தினவர் நீர், உமக்கு ஸ்தோத்திரம். இன்றைக்கு மூச்சு தந்தீர், ஸ்தோத்திரம். எங்கள் பயம் உமக்குத் தெரியும், அதை மறைக்காமல் உம்மிடம் கொண்டு வருகிறோம். நாங்கள் கேட்கிறதைத் தாரும். தருமுன்னே உம்முடைய சமாதானத்தைத் தாரும். இந்த இரவு தூங்கமுடியாத எங்கள் சகோதர சகோதரிகளின் கட்டிலருகே நில்லும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.